ஒத்திகைப் பிணம்

இந்த வருடம் செத்துப்போய்விடுவது என்று நேற்றே முடிவு செய்துவிட்டேன். விபத்து ஒத்திகைக்குக் கம்பெனிக்காரர்கள் எனக்குக் கொடுத்திருப்பது மஞ்சள் அட்டை. மஞ்சள் என்றால் கண் எரிச்சல், இருமல், லேசான மயக்கம். இரண்டு பேர் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனால் போதும். அட்டையைக் கயிற்றோடு என் கையில் கொடுத்துவிட்டு, "எசக்கியக்கா, கன்வேயர் பக்கத்துல உங்களுக்குச் சாக்கு விரிச்சிருக்கு, அதுல உக்காந்து இருமிக்கிட்டே இருக்கணும், என்ன?" என்று சூப்பர்வைசர் மூக்கையா சொன்னார். சரி என்று தலையாட்டி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். சைரன் ஏறி இறங்கி அலற ஆரம்பித்தது. எல்லோரும் முன்பக்கம் ஓட, நான் மட்டும் பேக்கிங் ஷெட்டுக்குப் பின்னால் வந்து நீலக் கேட்டுக்கு முன்னால் தரையில் மல்லாந்து படுத்துவிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்க மாட்டார்கள் என்று தெரியும். மாக் ட்ரில் என்கிற இந்த ஒத்திகை அன்றைக்கு எல்லோருக்கும் கண் விருந்தாளிகள் மேல்தான். கலெக்டர் ஆபீசிலிருந்து இரண்டு ஜீப், தொழிற்சாலை ஆய்வாளர் அம்மா, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், பக்கத்துக் கம்பெனிக்காரர்கள், எல்லோரும் ஷாமியானா நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தரை சுடுகிறது. யூரியா வாடை முதுகுத் தோலுக்குள் இறங்குகிறது. இறங்கட்டும், இத்தனை வருடம் உர மூட்டை தைத்த உடம்பில் அது இறங்காத இடம் எங்கே இருக்கிறது.

சைரன் இன்னும் அலறுகிறது. காலையில் எங்கள் தெருவில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள், சைரன் சத்தம் கேட்டுப் பயப்பட வேண்டாம், இது பாதுகாப்பு ஒத்திகை மட்டுமே என்று. பயப்பட வேண்டிய நாளைக்கு எந்த ஆட்டோ வரும் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் தோய்த்துத் தேய்த்த யூனிஃபார்ம் கோட்டும் தலையில் மல்லிகைப்பூவுமாக வந்தோம். விபத்துக்குப் பூ வைத்துக்கொண்டு போகிறவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். ஆட்கள் வருகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், அழுக்காக நிற்க முடியுமா. போன வருடம் சிவப்பு அட்டை, அதாவது படுகாயம், கொடுக்கப்பட்ட பயலை ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூக்கினவர்களும் சிரித்து, ஸ்ட்ரெச்சர் ஒருக்களித்து, அவன் நிஜமாகவே முழங்கை பெயர்ந்து விழுந்தான், அந்த வருடத்து ஒரே காயம் அதுதான். பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாவற்றுக்கும் ஆள் கிடைக்கும். கறுப்புக்கு மட்டும் கிடைக்காது. கறுப்பு என்றால் பிணம். யார் படுப்பார்கள்? முதல் வருடம் கேட்டார்கள், என்னோடு மூட்டை தைக்கும் அமலி எகிறிவிட்டாள். "மவளுக்கு மாப்ள பாத்துக்கிட்டு இருக்கேன், என்னயப் பொணமாப் படுக்கச் சொல்லுதியளா? ஒங்க வீட்டுப் பொம்பளைய படுக்கச் சொல்லுங்க." ஆம்பளைகளும் அப்படித்தான். அடுத்த வாரம் மலைக்கு மாலை போடுகிறேன் என்றான் ஒருத்தன், பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள் என்றான் இன்னொருத்தன். மேனேஜருக்கு அதைவிட வேறென்ன வேண்டும். கறுப்பு அட்டைகள் பெட்டியிலேயே இருந்துவிட்டன. அதனால் எங்கள் கம்பெனியில் எத்தனை பெரிய அமோனியா விபத்து நடந்தாலும் ஒருத்தரும் சாவதில்லை. வருடா வருடம் டேங்க் வெடிக்கிறது, வருடா வருடம் உயிர்ச்சேதம் இல்லை. கடைசியில் கைதட்டுகிறார்கள், எலுமிச்சம் சாதமும் கேசரியும் கொடுக்கிறார்கள், நாங்கள் மூட்டை தைக்கத் திரும்பி வருகிறோம்.

தலையைக் கொஞ்சம் சாய்த்தால் கேட்டின் அடிக்கம்பி தெரிகிறது, அதற்கு அந்தப் பக்கம் உப்பளத்துச் சாலை, வெள்ளையாக, ஆள் இல்லாமல். இந்தக் கேட்டுக்கும் அந்தச் சாலைக்கும் நடுவில் ஒரு சங்கிலியும் ஒரு பூட்டும்தான். முன்பு திறந்துதான் இருந்தது. பிறகு யாரோ இந்த வழியாக மூட்டை கடத்துகிறார்கள் என்று பூட்டினார்கள். கடத்தினவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை, பூட்டு மட்டும் நின்றுவிட்டது. மெயின் கேட் டேங்க்கைத் தாண்டி இருக்கிறது. அதாவது அமோனியா கசிந்தால் பேக்கிங் ஷெட்டில் இருக்கும் நாங்கள் தப்பிப்பதற்கு அமோனியாவை நோக்கித்தான் ஓட வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். மேனேஜருக்குத் தெரியும், மூக்கையாவுக்குத் தெரியும், கேட்டில் தலைவைத்துத் தூங்கும் நாய்க்குக்கூடத் தெரியும். சேஃப்டி ஆபீசர் செல்வின் சார் நல்ல பிள்ளை, எங்கள் ஊர்ப்பக்கம்தான். "எல்லா மீட்டிங்லயும் சொல்லிப் பாத்துட்டேன்க்கா. பாப்போம்ங்காவ. மேல நான் என்ன செய்ய?" என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துப் பார்த்துத்தான் ஆடி மாதம் வந்தது. அதை நினைக்கக்கூடாது என்று வந்தேன், ஆனால் இந்த இடத்தில் படுத்துக்கொண்டு வேறு எதை நினைப்பது? மத்தியானம், சாப்பிட்டு வந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன், மூக்கில் குத்தியது, முதலில் மூக்கில், அப்புறம் கண்ணில், அப்புறம் நெஞ்சுக்குள் யாரோ மிளகாய் வற்றலைக் கருக்கிக் கொட்டினதுபோல். முன்பக்கம் பார்த்தால் வழியை அடைத்துக்கொண்டு வெள்ளையாக ஒரு புகை நின்றது. யாரும் சொல்லாமலே எல்லோரும் இந்தக் கேட்டுக்குத்தான் ஓடி வந்தோம். சங்கிலியை இழுத்தோம். இழுத்தால் பூட்டு வந்துவிடுமா? குடிதண்ணீரைத் துண்டில் நனைத்து முகத்தில் மூடிக்கொண்டு கம்பியோடு கம்பியாக ஒட்டி நின்றோம். எங்களோடு தைக்கும் சுயம்புக்கனிக்குத் துண்டு எட்டவில்லை. அவள் கம்பி இடுக்கில் வாயை வைத்து வெளிக்காற்றை உறிஞ்சப் பார்த்தாள். அன்றைக்குச் சைரன் ஊதவில்லை. ஊதினால் ஊர் பயந்துவிடுமாம்.

சுயம்புக்கனி சாகவில்லை. அதனால் கம்பெனி கணக்கில் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. சின்னக் கசிவு, உடனே அடைத்துவிட்டோம், யாருக்கும் பாதிப்பில்லை என்று சொன்னார்கள். அவள் தொண்டையைத்தான் அது எடுத்துக்கொண்டது. ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, அத்தனை மிஷின் சத்தத்துக்கு மேல், "ஏட்டி எசக்கி, நூல் தீந்து போச்சி, கொண்டா" என்று கூப்பிடுகிறவள் அவள். அவள் திட்டினால் மூக்கையா சத்தம் போடாமல் வேறு பக்கம் போய்விடுவார். இப்போது அவள் வீட்டுக்குப் போனால் உதடுதான் அசைகிறது, காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. போன வாரம் போனபோது, மாக் ட்ரில் வருதாமே என்று கேட்டாள், அதாவது உதட்டை அசைத்தாள். ஆமா என்றேன். சிரித்தாள். சத்தம் இல்லாத சிரிப்பு. அவள் வேலையை விட்டுவிட்டாள், விட வைத்தார்கள், இரண்டும் ஒன்றுதான். அவள் இடத்தில் நின்று இப்போது வேறு யாரோ தைக்கிறாள், அவளும் தலையில் பூ வைத்துக்கொண்டு இன்று வந்திருக்கிறாள். கேட் மட்டும் அப்படியே இருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, ஆடிக்குப் பிறகு கேட்டுக்குப் புதிதாக நீல பெயின்ட் அடித்தார்கள்.

கால் பெருவிரல்கள் இரண்டும் தாமாகச் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். கட்டி வைத்ததுபோல. சட்டென்று பிரித்துவிட்டேன். பிரித்தபிறகு என்மேலேயே கோபம் வந்தது. பிணமாகத்தானே படுத்திருக்கிறாய், அப்புறம் என்ன பயம்? ஆனாலும் பயம்தான். அமலியைக் கேலி செய்தேனே தவிர எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. கழுத்தில் தாலிக்கொடி ஒரு பக்கமாகச் சரிந்து தோளில் கிடக்கிறது. கையை எடுத்து அதைச் சரிசெய்யலாமா? பிணம் தாலியைச் சரிசெய்யுமா? அவர் இப்போது எந்தத் தெருவில் சவாரி ஓட்டிக்கொண்டிருக்கிறாரோ. காலையில் சட்டை மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு ஒன்னும் வம்பு வளக்காத எசக்கி" என்றார். நான் ஒன்றுமே சொல்லாமலே அவருக்கு எப்படித் தெரிந்தது? குடித்தனம் நடத்தினால் தெரிந்துவிடும்போல. வம்பு இல்லை, படுக்கப் போகிறேன், அவ்வளவுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும். அது தெரிந்துதான் படுத்திருக்கிறேன். கான்ட்ராக்ட் ஆள், நாளைக்கு வராதே என்று மூக்கையா சொன்னால் போதும், வேறு சடங்கு கிடையாது. பையனுக்குப் பாலிடெக்னிக் இன்னும் முடியவில்லை. நினைத்தால் எழுந்து ஓடிப்போய் அந்தச் சாக்கில் உட்கார்ந்து இருமத் தொடங்கிவிடலாமா என்று இருக்கிறது, இப்போதுகூட நேரம் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. எறும்பு ஒன்று காதுமடலில் ஏறுகிறது. ஏறு, ஏறு. நான் எழப்போவதில்லை. அன்றைக்கு எங்கே செத்திருப்பேனோ அங்கேதான் கிடப்பேன், கன்வேயர் பக்கத்தில் நிழலில் விரித்த சாக்கில் ஒருத்தியும் சாக மாட்டாள். அவர்கள் என்னைத் தேட வேண்டும். ஆள் குறைகிறது என்று தெரிந்து தேட வேண்டும். எல்லா ஆளும் வந்து சேராமல் ஒத்திகை முடிந்தது என்ற சைரனைக் கொடுக்கக்கூடாது என்பது அவர்களே எழுதி மாட்டியிருக்கும் சட்டம். தேடி வரட்டும். வந்து பார்க்கட்டும், எங்கே கிடக்கிறாள் என்று.

மைக் கரகரக்கிறது. தலை எண்ணுகிறார்கள். ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிட, அந்தந்த சூப்பர்வைசர் பதில் சொல்ல வேண்டும். பாய்லர். எல்லோரும் இருக்கிறார்கள். பம்ப் ஹவுஸ். எல்லோரும் இருக்கிறார்கள். லேப். எல்லோரும். எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் தரையில் கேட்கிறது. பேக்கிங், என்கிறது மைக். இப்போது மூக்கையா எண்ணுவார், விரலை நீட்டி நீட்டி எண்ணுவார், ஒன்று குறையும், மறுபடி எண்ணுவார், முகம் வேர்க்கும், எசக்கியக்கா எங்கே என்பார். "பேக்கிங், எல்லாரும் ஆஜர் சார்!" மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்கவில்லை. எண்ணவே இல்லை மனிதர். வருடா வருடம் சொல்கிற பதில், அதையே சொல்லிவிட்டார். அங்கே நான் ஆஜர். பூ வைத்துக்கொண்டு, தோய்த்த கோட் போட்டுக்கொண்டு, ஷாமியானாவுக்கு எதிரில் வரிசையில் நிற்கிறேன் நான். இங்கே செத்துக் கிடப்பவள் யார்? நீளமாக ஒரே சீராகச் சைரன் ஊதுகிறது. ஆபத்து நீங்கியது. மேனேஜர் பேசுகிறார். ஒத்துழைப்பு தந்த அனைவருக்கும் நன்றி என்கிறார், நமது திட்டமிடலின் காரணமாக ஓர் உயிரிழப்பும் இல்லாமல் என்கிறார், கைதட்டல் அலையலையாக இங்கே வரைக்கும் வருகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணின் ஓரமாக வழிந்து காதுக்குள் போகிறது, அந்த எறும்பு நனைந்திருக்கும். இது துக்கமில்லை, ஆத்திரம். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே செத்திருந்தாலும் மைக்கில் இதே பதில்தான் போயிருக்கும்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. எலுமிச்சம் சாதத்தின் வாசனை வருகிறது, பசிக்கிறது, செத்தபிறகும் பசிக்கிறது. எழுந்துவிடு, யாருக்குமே தெரியாமல் போய்விடும், வேலையும் மிஞ்சும் என்று ஒரு மனம் சொல்கிறது. அதை அதட்டி உட்காரவைத்தேன். அப்போது அமலியின் குரல், எங்கிருந்தோ, மூக்கையாவோடு சண்டை போடுகிறாள். "பேக்கிங்குக்குக் கொடுத்த பொட்டலத்துல ஒன்னு மிச்சம் இருக்குல்லா, யாரு வாங்கல?" மூக்கையா ஏதோ முணுமுணுக்கிறார். "எப்பிடி மிஞ்சும்? எண்ணித்தான கொண்டாந்திய?" எண்ணித்தான். சாப்பாட்டுப் பொட்டலத்தை எண்ணுகிறார்கள். ஒன்று மிஞ்சினால் அங்கே இங்கே என்று தேடுகிறார்கள். ஆளுக்குத்தான் எண்ணிக்கை வேண்டாம்போல. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து, அடக்கி, வயிறு குலுங்கியது. செருப்புச் சத்தம் ஷெட்டைச் சுற்றி வருகிறது. "ஏட்டி எசக்கி! எங்கட்டி போன?" செருப்புச் சத்தம் என் காலருகே வந்து நின்றது. பிறகு அமலி போட்ட கூச்சலில் ஷாமியானா பிய்ந்திருக்கும். "ஐயோ மாதாவே! எசக்கி கெடக்கா! எசக்கி கெடக்கா!" பக்கத்தில் விழுந்து என் கன்னத்தில் தட்டுகிறாள். உதட்டை மட்டும் அசைத்தேன், சுயம்புக்கனி மாதிரி. "கத்தாதட்டி. எனக்கு ஒன்னுமில்ல. செத்திருக்கேன்." அவள் கை நின்றது. நிமிர்ந்து கேட்டைப் பார்த்திருப்பாள், பூட்டைப் பார்த்திருப்பாள். அவளும் அன்றைக்கு என் பக்கத்தில்தான் நின்றாள். "பாவி" என்றாள் மெதுவாக. "பாவி மட்ட, சொல்லிட்டாவது சாவக்கூடாதா?"

கூட்டம் வந்துவிட்டது. கண்ணை மூடியே கிடக்கிறேன், காலடிகளை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறேன். மூக்கையாவின் பூட்ஸ். மேனேஜரின் தோல் செருப்பு. மெல்லிய குதிகால், அது ஆய்வாளர் அம்மா. "என்னாச்சு, மயக்கமா? வெயில் மேடம், பாவம், சாப்பிடாம வந்திருக்கும்" என்கிறார் மேனேஜர். முழங்கால் மடங்கி யாரோ உட்காருகிறார்கள், விரல்கள் என் மணிக்கட்டைப் பிடிக்கின்றன. செல்வின். நாடி எப்படிக் குதிக்கிறது என்று அவனுக்குத் தெரியும். செல்வின், தம்பி, இப்போது நீ என்ன சொல்லப்போகிறாய்? பாப்போம்ங்காவ என்று சொல்வாயா? அவன் என் நெஞ்சில் கிடந்த மஞ்சள் அட்டையை எடுக்கிறான். அட்டைகளின் பெட்டியைத் திறந்து எதையோ தேடுகிறான். கழுத்தில் வேறு கயிறு விழுகிறது. "மஞ்சள் இல்ல மேடம்" என்கிறான். "கறுப்பு. சாகும்போது இந்தக் கேட்டத் தொறக்கப் பாத்திருக்காங்க." ஆய்வாளர் அம்மா கேட்கிறாள், "பேக்கிங்ல எல்லாரும் ஆஜர்னு சொன்னது யாரு?" மூக்கையாவின் பூட்ஸ் மண்ணில் தேய்கிறது. "ஆடி மாசம் ஒரு கசிவுன்னு எழுதியிருந்தீங்களே, அன்னைக்கும் இது பூட்டித்தான் இருந்ததா?" மேனேஜர் சிரிக்கப் பார்க்கிறார். "மேடம், ஒத்திகை முடிஞ்சிருச்சு, சைரன் கொடுத்தாச்சு..." "ஒரு ஆள் இங்க கெடக்காங்க சார். முடியல. இவங்கள வெளிய கொண்டு போங்க. பக்கத்துல இருக்கிற வழி எது?" பக்கத்தில் இருக்கும் வழி என் தலைமாட்டில் இருக்கிறது. சாவி எங்கே என்று ஒருவரை ஒருவர் கேட்கிறார்கள். செக்யூரிட்டியிடம். இல்லை, ஸ்டோரில். இல்லை, ஸ்டோர்க்காரர் லீவு. ஓடுகிறார்கள். ஆய்வாளர் அம்மா போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு தள்ளிப் போனதும் தோல் செருப்பு என் காதுக்குப் பக்கத்தில் வருகிறது, மேனேஜர் குனிகிறார், வாசனைப் பாக்கு மணக்கிறது. "நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்." சொல்லிவிட்டார். எதிர்பார்த்ததுதான், ஆனாலும் பையனின் முகம் ஒரு தரம் வந்து போனது. கண்ணைத் திறக்காமலே சொன்னேன். "செத்தவளுக்கு நாளைக்கு ஏது சார் வேல?"

சாவிக்கொத்து வந்தது. ஒன்றொன்றாகப் போட்டுப் பார்க்கும் சத்தம் கேட்கிறது. ஒன்றும் சேரவில்லை. "எந்திரிக்கா, போதும், எல்லாரும் பாத்தாச்சுல்லா, எந்திரி" என்று மூக்கையா கெஞ்சுகிறார். என் இடப்பக்கம் யாரோ பெருமூச்சு விடுகிறார்கள். வளையல் சத்தம். பூவின் மணம். "தள்ளிப் படுட்டி" என்கிறாள் அமலி. திடுக்கிட்டுப் பாதிக் கண்ணைத் திறந்துவிட்டேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் அமலி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மாதாவையும் என்னையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டே தரையில் மல்லாந்து படுக்கிறாள். "எனக்கும் ஒரு கறுப்பு அட்ட குடுங்க செல்வின் சார்" என்கிறாள். அவள் தோள் என் தோளில் ஒட்டிச் சுடுகிறது, விலகவில்லை. ஷெட் பக்கமிருந்து இன்னும் செருப்புகள் வருகின்றன. ஆய்வாளர் அம்மா திரும்பி வந்து, பூட்டைப் பார்த்து, கீழே எங்களைப் பார்த்து, "உடைங்க" என்றாள். கம்பெனி சொத்து மேடம், மேலே கேட்டுவிட்டுத்தான் என்று மேனேஜர் தொடங்க, அவர் முடிப்பதற்குள் யாரோ தீயணைப்பு வண்டிச் சம்மட்டியை எடுத்துவிட்டார்கள், பாதிக் கண்ணால் பார்த்தால் செல்வின்தான். முதல் அடி விழுந்தது. சங்கிலி துள்ளிக் கம்பியில் மோதி, துருப்பொடி என் நெற்றியில் உதிர்ந்தது. பூட்டு அசையவில்லை. இரண்டாவது அடி, அதுவும் வழுக்கிக்கொண்டு போனது. படித்த பிள்ளை, சம்மட்டி பிடித்துப் பழக்கம் இல்லை. பிணம் வாயைத் திறக்கக்கூடாதுதான், தெரியும். திறந்தேன், சுயம்புக்கனி ஷெட்டின் அந்தக் கோடிக்குக் கூப்பிடும் அளவுக்குத் தொண்டையைத் திறந்தேன்.

"இன்னும் ஓங்கி அடிலே!"